கேம்பர் இழுக்கும் பிக்அப்புக்கு ஏர் பேக் போடலாமா, வேறு வழி பார்க்கலாமா?

கேம்பரை (பிக்அப் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டுவண்டியை) கொளுவியதும் பிக்அப்பின் பின்பக்கம் மூன்று நான்கு அங்குலம் அமுங்கி, முன்பக்கம் தூக்கிக்கொண்டு, இரவில் எதிரே வருகிறவர் கண்ணில் ஹெட்லைட் நேராக அடிக்கிறதென்றால் பக்கத்து வீட்டுக்காரர் முதல் டயர் கடைக்காரர் வரை சொல்லும் யோசனை ஒன்றுதான்: "பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக ஒரு ஜோடி ஏர் பேக் போடுங்கள், சரியாகிவிடும்." ஒன்டாரியோவில் நம்மவர்கள் இப்போது கூடாரத்தை விட்டுவிட்டு 24, 26 அடி கேம்பர் வாங்கிக்கொண்டு அல்கோன்குயின், கில்பேர், சாண்ட்பேங்க்ஸ் என்று பூங்காக்களுக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறார்கள். அதனால் இந்தக் கேள்வி விருந்து வீடுகளில் கூட வருகிறது. வண்டியில் பிள்ளைகள் இருக்கிறார்கள், 401 நெடுஞ்சாலையில் பக்கத்தில் பெரிய லாரிகள் ஓடுகின்றன. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏர் பேக் நல்ல பொருள். ஆனால் அது உயரத்தைத்தான் சரிசெய்யும், எடை இருக்கிற இடத்திலேயே இருக்கும். அரை டன் பிக்அப்பில், அதாவது எஃப்-150, சில்வராடோ 1500, ராம் 1500, டண்ட்ரா வகையறாவில், கேம்பர் இழுக்கிற பெரும்பாலானவர்கள் முதல் காசை வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்சுக்கு, அதாவது பாரத்தை முன் சக்கரத்துக்கும் பகிர்ந்து கொடுக்கும் இணைப்புக்கு, கொடுக்க வேண்டும். ஏர் பேக் அதற்குப் பிறகு, அதுவும் தேவைப்பட்டால்.

ஏர் பேக் என்பது பின் ஆக்சிலுக்கும் சேசிக்கும் நடுவே, லீஃப் ஸ்பிரிங்குக்கு (நம்மூர் லாரிப் பட்டறையில் கமான்பட்டை என்பார்கள்) துணையாக உட்காரும் தடித்த ரப்பர் பை. பக்கத்துக்கு ஒன்று. காற்றடித்தால் பின்பக்கம் எழும்பும், இறக்கினால் தாழும். அதிகம் விற்பவற்றில் ஏர் லிஃப்ட் நிறுவனத்தின் லோட்லிஃப்டர் 5000 ஒன்று, ஃபயர்ஸ்டோனின் ரைடு-ரைட் இன்னொன்று. அந்த 5000 என்ற எண்ணைப் பார்த்துத்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 5,000 பவுண்டு வரை சமன்செய்யும் திறன் அந்தப் பைக்கு இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். உங்கள் வண்டி கூடுதலாக 5,000 பவுண்டு சுமக்கும் என்று பொருளே இல்லை. வண்டிக்காரக் கம்பெனி குறித்த மொத்த எடை வரம்பைத் தாண்டாதீர்கள் என்று ஏர் லிஃப்டே தன் கையேட்டில் போட்டிருக்கிறது. ஆக்சில், பேரிங், பிரேக், டயர், சேசி எல்லாம் பழையவைதான். பை போட்டதால் அவற்றில் ஒன்றுகூட பலம் கூடவில்லை.

அதனால் எதையும் வாங்குவதற்கு முன்னால் ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவு நிலையில் ஒட்டியிருக்கும் மஞ்சள் வெள்ளை ஸ்டிக்கரைப் பாருங்கள். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு, இத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் இருக்கும். அதுதான் உங்கள் வண்டியின் பேலோட். விளம்பரத்தில் 11,000 பவுண்டு இழுக்கும் என்று போட்டிருப்பார்கள். அரை டன் வண்டியில் அந்த எண் தீருவதற்கு வெகு முன்பே பேலோட் தீர்ந்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாமான் ஏற்றிய கேம்பர் 6,200 பவுண்டு. இந்த மாதிரி டிராவல் ட்ரெய்லரில், கேம்பரைக் கொளுவும் ஹிட்ச் பந்தின் மேல் அழுத்தும் பாரம், அதாவது டங் வெயிட், மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் கேம்பர் வாலாட்ட ஆரம்பிக்கும். 12.5 சதவீதம் என்று வைத்தால் 775 பவுண்டு. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் சேர்ந்து 560. ஹிட்ச் 90. பின்கட்டில் ஐஸ்பெட்டி, சைக்கிள், அடுப்பு, ஜெனரேட்டர் எல்லாம் 200. கூட்டினால் 1,625. ஸ்டிக்கரில் 1,480 என்று இருந்தால் 145 பவுண்டு அதிகம். ஏர் பேக் போட்டால் இந்த 145 குறையாது. பையும் பிராக்கெட்டும் சேர்ந்த எடையும் அதே கணக்கில்தான் ஏறும். ஆனால் வண்டி மட்டமாக நிற்கும், பார்க்க அழகாக இருக்கும், ஓட்டுகிறவர் மனசும் நிம்மதியாகிவிடும். எனக்குப் பயமே அங்கேதான். பின்பக்கம் தொங்குவது வண்டி கொடுக்கும் எச்சரிக்கை. கணக்குப் பார்க்காமல் அதை மறைத்துவிடக்கூடாது.

அப்புறம், கேம்பர் விற்பவர் காட்டும் தாளில் இருக்கும் டங் வெயிட்டை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அது காலி கேம்பரின் எடை. முன்னால் மாட்டும் இரண்டு புரொபேன் சிலிண்டர் நிரம்பியிருந்தால் மட்டும் கிட்டத்தட்ட 75 பவுண்டு. பேட்டரி ஒன்று 50 பவுண்டு வரும். முன்பக்க அறையில் அரிசி, பாத்திரம், நாற்காலி எல்லாம் அடுக்கினால் இன்னும் ஏறும்.

இப்போது எடை எங்கே போகிறது என்று பார்த்தால் மற்றதெல்லாம் தெளிவாகிவிடும். ஹிட்ச் பந்து பின் ஆக்சிலுக்கு மேலே இல்லை, அதற்குப் பின்னால் நாலைந்து அடி தள்ளி இருக்கிறது. முன் பின் ஆக்சிலுக்கு நடுவே 145 அங்குலம், பந்து பின் ஆக்சிலிலிருந்து 60 அங்குலம் என்று வையுங்கள். பந்தில் 775 பவுண்டு அழுத்தினால் பின் ஆக்சிலில் கூடுவது 775 இல்லை, கிட்டத்தட்ட 1,095. அந்தக் கூடுதல் 320 எங்கிருந்து வந்தது? முன் ஆக்சிலிலிருந்து வந்தது. முன் சக்கரம் அந்த அளவுக்கு இலேசாகிவிட்டது. ஸ்டியரிங் திருப்புவதும் பிரேக்கில் பெரும் பங்கும் முன் சக்கரத்தின் வேலை. மழையில், பக்கவாட்டுக் காற்றில், 400 நெடுஞ்சாலையில் ஒரு லாரி உரசிக்கொண்டு முந்தும்போது ஸ்டியரிங் கையில் பிடிப்பில்லாமல் மிதக்கிற மாதிரி இருப்பது இதனால்தான்.

இங்கேதான் இரண்டுக்கும் வித்தியாசம். ஏர் பேக் பின் ஆக்சிலின் மேல் நின்றுகொண்டு வண்டியின் உடம்பைத் தூக்குகிறது. பின் ஆக்சிலில் அந்த 1,095 அப்படியேதான் இருக்கும், முன்னால் இழந்த 320 திரும்பி வராது. வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்சில் இரண்டு கனமான ஸ்பிரிங் கம்பிகள் ஹிட்ச் தலையிலிருந்து பின்னால் நீண்டு, கேம்பரின் முன் சட்டத்தோடு இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். சிமெண்ட் ஏற்றிய கைவண்டியின் கைப்பிடியைத் தூக்கினால் பாரம் முன் சக்கரத்துக்குப் போகிறதே, அந்த வேலையைத்தான் இந்தக் கம்பிகள் செய்கின்றன. மேலே சொன்ன கணக்கில், இழந்த 320-இல் பாதியை, அதாவது 160-ஐ முன் ஆக்சிலுக்குத் திருப்புகிற அளவுக்குக் கம்பியை இறுக்கினால், பந்திலிருந்து கேம்பர் ஆக்சில் 200 அங்குலம் தள்ளி இருக்கும்போது ஏறக்குறைய 90 பவுண்டு கேம்பர் ஆக்சிலுக்கும் போய்விடும். பின் ஆக்சிலில் 250 குறையும். பிக்அப்பின் பேலோடில் 145 அதிகம் என்று இருந்தோம் இல்லையா, அது 55 ஆகிவிட்டது. பின்கட்டிலிருந்து ஒரு சாமானை எடுத்து கேம்பர் ஆக்சிலுக்கு மேலே வைத்தால் வரம்புக்குள் வந்துவிடலாம். ஏர் பேக்கில் எத்தனை பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) அடித்தாலும் இது நடக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. ஹிட்ச் ரிசீவரில், அதாவது ஹிட்சைச் செருகும் சதுரக் குழாயில், ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், குனிந்து பாருங்கள். பல எஃப்-150 வண்டிகளில் வெறும் பந்தில் இழுத்தால் 5,000 பவுண்டு கேம்பர், 500 பவுண்டு டங் வெயிட்தான் வரம்பு. அதற்கு மேல் போக வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் கட்டாயம். மற்ற கம்பெனிகளுக்கு எண் மாறும். அப்படிப்பட்ட எஃப்-150-இல் 6,200 பவுண்டு கேம்பரை வெறும் பந்திலும் ஏர் பேக்கிலும் இழுப்பவர் அந்த ரிசீவரின் வரம்பைத் தாண்டித்தான் ஓடிக்கொண்டிருக்கிறார்.

இந்த ஹிட்சுக்கும் தொல்லைகள் உண்டு. எண்பது, தொண்ணூறு பவுண்டு கனம். கை முழுக்க கிரீஸ். திரும்பும்போது சில மாடல்கள் கறகறவென்று கத்தும். முதல்முறை சரியாக அமைக்க அரைநாள் போகும், கேம்பர் கடையில் அவசரமாக மாட்டிக்கொடுத்தால் பெரும்பாலும் கம்பி சரியான இறுக்கத்தில் இருக்காது. தனியாக மாட்டும் உராய்வுக் கம்பி வகை என்றால் ரிவர்ஸ் எடுப்பதற்கு முன் கழற்ற வேண்டும். ஈக்வலைசர் மாதிரி வாலாட்டக் கட்டுப்பாடும் சேர்ந்தே வருகிறதில் அந்த வேலை இல்லை, புதிதாக வாங்குபவருக்கு நான் அந்த வகையைத்தான் சொல்வேன். ஹென்ஸ்லி போன்றவை அற்புதமாக ஓடும், ஆனால் விலை பல மடங்கு. 30 அடிக்குக் கீழே உள்ள கேம்பருக்கு அது தேவையில்லை என்பது என் எண்ணம்.

சரி, ஏர் பேக் எங்கே ஜெயிக்கிறது? ஃபிஃப்த் வீல் கேம்பரில், அதாவது பிக்அப்பின் பின்கட்டுக்குள்ளேயே கொளுவும் வகையில். அங்கே பாரம் பின்கட்டின் நடுவில், பின் ஆக்சிலுக்கு மேலேயோ சற்று முன்னாலோ இறங்குகிறது. முன் ஆக்சில் இலேசாவதில்லை, கம்பி கட்டும் ஹிட்சுக்கு அங்கே வேலையும் இல்லை. முக்கால் டன், ஒரு டன் வண்டியில் எடை வரம்புக்குள் இருந்து பின்பக்கம் மட்டும் தாழ்கிறதென்றால் ஏர் பேக்தான் சரியான பதில். அதேபோல் ஒரு வாரம் கேம்பர், மறுவாரம் பின்கட்டில் மண்ணும் கல்லும், அதற்கடுத்த வாரம் காலி என்று ஓட்டுகிறவருக்கும் இதைப்போல வசதி வேறில்லை. பாரத்துக்குத் தகுந்தபடி காற்றைக் கூட்டிக் குறைத்தால் போதும், காலி வண்டியில் 5 பி.எஸ்.ஐ.க்கு இறக்கிவிட்டால் சவாரி பழையபடி மென்மையாகவே இருக்கும்.

அதன் ஆபத்துகளையும் தெரிந்துகொள்ளுங்கள். பல கிட்டுகளில் வண்டியோடு வந்த ரப்பர் பம்ப் ஸ்டாப்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பையை வைக்கிறார்கள். பை கிழிந்தால் ஆக்சில் சேசியில் மோதாமல் தாங்க எதுவும் இல்லை. லோட்லிஃப்டர் 5000 அல்டிமேட்டில் பைக்குள்ளேயே ஒரு பம்ப் ஸ்டாப் இருக்கிறது, கூடுதல் காசு கொடுத்தாலும் நான் அதைத்தான் எடுப்பேன். இரண்டாவது, இரண்டு பையையும் ஒரே குழாயில் இணைத்து ஒரு வால்வு வைத்தால் வளைவில் ஒரு பக்கம் அமுங்கும்போது அந்தக் காற்று மறுபக்கப் பைக்கு ஓடும், சாய்வு இன்னும் கூடும். கேம்பர் இழுக்கிற வண்டியில் பக்கத்துக்கு ஒரு குழாய், பக்கத்துக்கு ஒரு வால்வு வேண்டும். மூன்றாவது சேசி. லீஃப் ஸ்பிரிங் பாரத்தை அதன் இரு நுனிகள் வழியாக முன்னும் பின்னும் பிரித்துக் கொடுக்கிறது. பை ஆக்சிலுக்கு நேர் மேலே ஒரே இடத்தில் முட்டுகிறது. வரம்பை மீறிய எடையை 90, 100 பி.எஸ்.ஐ. அடித்து நிமிர்த்திக்கொண்டு கரடுமுரடான சாலையில் ஓடினால் சேசி வளைய அந்த ஒரு இடம் போதும்.

காற்றே வேண்டாம் என்பவர்களுக்கு டிம்ப்ரன், சுமோஸ்பிரிங்ஸ் இருக்கின்றன. முன்னது உள்ளே குழிவான கெட்டி ரப்பர், பின்னது நுண்குமிழி நுரை. பம்ப் ஸ்டாப் இடத்தில் அரைமணி, ஒருமணி நேரத்தில் மாட்டிவிடலாம். கசிய எதுவும் இல்லை, ஒன்டாரியோவின் உப்பு அடித்த குளிர்காலத்துக்கு இது பெரிய நிம்மதி. காலி வண்டியில் ஆக்சிலைத் தொடாமல் இடைவெளி விட்டு நிற்கும், பாரம் ஏறியதும் மட்டும் தாங்கும். ஆனால் உயரத்தை நாம் கூட்டிக் குறைக்க முடியாது, நின்ற இடம்தான். வருஷத்தில் ஐந்தாறு முறை அதே கேம்பர், அதே சாமான் என்று இழுக்கிறவருக்கு ஏர் பேக்கைவிட டிம்ப்ரன் மேல் என்று நான் நினைக்கிறேன். எடையைப் பொறுத்தவரை இதுவும் ஏர் பேக் மாதிரிதான், முன் ஆக்சிலுக்கு ஒரு பவுண்டுகூடத் திருப்பாது. லீஃப் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாக வைப்பது மலிவு, ஆனால் வருஷம் முழுக்க, காலியாக ஓடும்போதும் இடுப்பை உலுக்கும். எனக்கு அது பிடிக்காது.

வண்டியைப் பொறுத்தும் மாறும். ராம் 1500-இல் 2009 முதல் பின்னால் காயில் ஸ்பிரிங், 2022 முதல் டண்ட்ராவிலும் அப்படித்தான். அவற்றுக்கு காயிலின் உள்ளே நுழையும் சிறிய பை, ஏர் லிஃப்ட் 1000 மாதிரி, 35 பி.எஸ்.ஐ.தான் உச்சம். கம்பெனியிலேயே ஏர் சஸ்பென்ஷனோடு வந்த வண்டி என்றால் இந்தப் பேச்சே வேண்டாம், அது தானாக மட்டம் பிடிக்கும். ஆனாலும் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் வேண்டாம் என்று ஆகிவிடாது, மாட்டும்போது வண்டியை எந்த நிலையில் வைக்க வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும்.

பலர் கவனிக்காத ஒன்று டயர். வண்டி அலைகிறது என்று ஏர் பேக் போடுவார்கள், பார்த்தால் மென்மையான பயணிகள் வகை டயரின் பக்கச்சுவர்தான் நெளிந்துகொண்டிருக்கும். காற்றழுத்தம் கதவு ஸ்டிக்கரில் உள்ளபடி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்த முறை டயர் மாற்றும்போது எல்.டி. (லைட் ட்ரக்) வகை போட்டால் வித்தியாசம் கையில் தெரியும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது எடை பார்ப்பது. நெடுஞ்சாலை ஓர ட்ரக் ஸ்டாப்புகளில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடை இருக்கும், லாரிக்காரர்களோடு நாமும் ஏறலாம், இருபது முப்பது டாலருக்குள் முடியும். குடும்பம், சாமான் எல்லாம் ஏற்றி, நிஜமாகக் கேம்பிங் கிளம்புகிற நாளில் போங்கள். முன் ஆக்சில், பின் ஆக்சில், கேம்பர் ஆக்சில் என்று மூன்று எண் தனித்தனியாகத் தாளில் வரும். கம்பி இறுக்கியபடி ஒருமுறை, கம்பி தளர்த்தி ஒருமுறை, கேம்பரைக் கழற்றிவிட்டுப் பிக்அப் மட்டும் ஒருமுறை. முன் ஆக்சில் எவ்வளவு இழந்தது, எவ்வளவு திரும்பியது, டங் வெயிட் எவ்வளவு, எல்லாம் இந்த மூன்று தாளில் இருக்கிறது. வரம்பு தாண்டியிருந்தால் முதலில் சாமானைக் குறையுங்கள். 40 கேலன் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் 330 பவுண்டுக்கு மேல், அதைப் பூங்காவில் போய் நிரப்பிக்கொள்ளலாம். விறகும் அப்படித்தான், மரத்தைத் துளைக்கும் பூச்சி பரவும் என்பதால் வீட்டிலிருந்து கொண்டுபோகவே வேண்டாம். குறைத்தும் நூற்றுக்கணக்கில் மீறுகிறதென்றால் சிறிய கேம்பர் அல்லது பெரிய பிக்அப். அதற்கு நடுவில் குறுக்குவழி இல்லை.

ஹிட்சும் சரியாக அமைத்து, எடையும் வரம்புக்குள் வந்து, அதற்கப்புறமும் பின்பக்கம் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் தாழ்ந்து நிற்கிறதென்றால் ஏர் பேக் தாராளமாகப் போடுங்கள், இரண்டும் சேர்ந்து நன்றாகவே ஓடும். வரிசை முக்கியம். முதலில் பையில் குறைந்தபட்சக் காற்று, 5 பி.எஸ்.ஐ. கேம்பர் இல்லாமல் முன் சக்கரத்துக்கு மேலே மட்கார்டின் விளிம்பு வரை டேப் வைத்து உயரம் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கேம்பரைக் கொளுவி, கம்பி இல்லாமல் மறுபடி அளந்தால் எவ்வளவு எழும்பியது என்று தெரியும். கம்பியை இறுக்கி அதில் எவ்வளவைத் திருப்ப வேண்டும் என்று வண்டியின் கையேடு சொல்லும், சிலவற்றில் பாதி போதும். அது சரியான பிறகுதான் பைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று. முதலிலேயே பையை ஊதி வண்டியை நிமிர்த்திவிட்டால் எழும்பியதே தெரியாது, கம்பி இறுகாமலே எல்லாம் சரி என்று கிளம்பிவிடுவீர்கள். காற்று கூட்டும்போது ஹிட்ச் உயர்ந்து கம்பி கொஞ்சம் தளரும், அதனால் கடைசியில் முன்பக்கத்தை இன்னொருமுறை அளந்துவிடுங்கள்.

நீங்களே மாட்டுவதென்றால் குழாயைப் புதிய பிளேடால் நேராக, ஒரே வெட்டாக வெட்டுங்கள். கத்தரிக்கோலால் வெட்டினால் நுனி நசுங்கிக் கோணலாகும், கசிவுகளில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. ஃபிட்டிங்குக்குள் நின்று முட்டும் வரை அழுத்திவிட்டு, மெதுவாக இழுத்துப் பாருங்கள். சைலன்சர் குழாய்க்கு அருகே குழாயை விடாதீர்கள், அந்தப் பக்கப் பைக்கு கிட்டில் வரும் வெப்பத்தகட்டை மாட்டாமல் விடாதீர்கள். முடித்ததும் சோப்புத் தண்ணீர் தெளித்தால் கசிகிற இடத்தில் குமிழி வரும். மறுநாள் காலையில் அழுத்தம் அதே எண்ணில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு கேம்பரைக் கொளுவுங்கள். குளிர்காலத்தில் வண்டி சும்மா நிற்கும்போதும் 5 பி.எஸ்.ஐ.க்குக் கீழே விட்டுவிடாதீர்கள், காற்றில்லாத பை மடிந்து தன்னைத்தானே உரசி ஓட்டையாகும். டயர் மாற்ற சேசியில் ஜாக் கொடுத்துத் தூக்குவதாக இருந்தால் முதலில் காற்றை இறக்கிவிட்டு ஆக்சிலுக்கும் முட்டுக் கொடுங்கள், இல்லையென்றால் ஆக்சில் தொங்கி, பை அளவுக்கு மீறி இழுபட்டுக் கிழிந்துவிடும்.